தாழ்ப்பாள்

வாங்காத கடனைக் கேட்டு ஒன்பது நாளாகப் போனில் திட்டிக்கொண்டிருந்த லோன் ஆப்காரன், இன்று காலை தணிகைவேலின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து, தணிகைவேலின் போனிலிருந்து திருடிய எண்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். "பொய்ங்க, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டே தணிகைவேல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். எட்டு வருடமாகப் பேசாத அண்ணனை மட்டும் அவன் அழைக்கவில்லை. பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டியேடா தம்பி" என்று அண்ணன் ரோஜா மாலையோடு கதவில் சாய்ந்து அழுவது ஜன்னல் வழியே தெரிந்தது. தணிகைவேல் தாழ்ப்பாளில் கை வைத்தான். சட்டைப்பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்றிருந்தது.