பத்தாயிரம் கன அடி

“ரெண்டு கரைக்கும் ஒரே தண்ணிதானே மாமா? உங்க பக்கம் மட்டும் என்ன, புதுசா முதலை வந்துருச்சா?”

மாதையன் குடத்தைச் சாய்த்தான்.

பாறையில் சாய்த்து வைத்திருந்த பரிசலின் உள்பின்னலில் நீர் வழிந்தது. நாற்பத்தொரு நாளாக அது தரையில் கிடக்கிறது. ஈரம் காட்டாவிட்டால் மூங்கில் காய்ந்து வெடித்துவிடும். காலையும் மாலையும் ஆற்றிலிருந்து மொண்டு வந்து ஊற்றுகிறான்.

ஆறு இருபது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

“செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்தறீங்க. காய்க்குமா?”

நஞ்சுண்டன் சிரித்தான். பெண்டாட்டியின் தம்பி. அக்கரைக்காரன். ஆற்றின் நடுவே கோடு எதுவும் இல்லை. ஆனாலும் அக்கரை வேறு மாநிலம், வேறு சர்க்கார்.

இந்த சர்க்கார், நீர்வரத்து எட்டாயிரம் கன அடியைத் தாண்டினால் பரிசல் ஓட்டக் கூடாது என்றது. அந்த சர்க்கார், பன்னிரண்டாயிரம் வரை ஓட்டலாம் என்றது.

ஆறு பத்தாயிரத்தில் நின்றுவிட்டது. அளவு பார்க்கிற ஊழியர் தினமும் காலையில் படித்துறையில் நின்று, வாயைத் திறக்காமல், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

பத்து விரல்.

அக்கரையில் பரிசல்கள் சுழன்றன. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு கூச்சல் எழுந்து, நீரின் மேல் நடந்து வந்து, இவன் காதில் ஏறியது.

வேனிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் அருகே வந்தது.

“அண்ணே, பாலத்துக்கு எப்படிப் போகணும்? பரிசல் அந்தப் பக்கம்தான் ஓடுதாமே.”

குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை காட்டினான். இன்றைக்கு இது ஆறாவது வேன்.

“வழி காட்டறதுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்களா?” என்றான் நஞ்சுண்டன்.

அந்தப் பிடரியைப் பிடித்து ஆற்றில் அமுக்க வேண்டும்போல் மாதையனுக்குக் கை துறுதுறுத்தது.

போன ஆடியில் தடை அக்கரையில்தான். ஏதோ பாதுகாப்புச் சான்று இல்லையென்று அங்கே எல்லாப் பரிசல்களையும் கரையேற்றிவிட்டார்கள். நஞ்சுண்டன் பாலம் கடந்து வந்தான். இதே பாறையருகில் நின்று, ஒரு வாரம் துடுப்புப் போட இடம் கேட்டான்.

“உங்க மந்திரி வந்து தள்ளி விடுவாரு, போய் உக்காரு” என்றான் மாதையன் அன்று. பரிசல் நிறையப் பயணிகள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“அக்கா போன் பண்ணுச்சு,” என்றான் நஞ்சுண்டன். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “அதுக்காகத்தான் வந்தேன், உங்களுக்காக இல்ல. எங்கிட்ட ரெண்டு பரிசல் ஆள் இல்லாம நிக்குது. வர்றதுன்னா வாங்க. தினக்கூலி. அங்க வந்தா மாமான்னு கூப்பிட மாட்டேன்.”

மாதையன் பரிசலைப் பார்த்தான். விளிம்பில் எழுதிய லைசென்ஸ் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் பத்தை மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது.

நேற்று அது இல்லை.

விரலை அதன்மேல் வைத்தான். எடுக்கவில்லை.

நஞ்சுண்டன் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தான்.

“மாப்ள.”

அவன் நின்றான். திரும்பவில்லை.

“கூலி வேண்டாம். இந்தப் பரிசல்ல இருக்கற எங்க ஊரு நம்பர அழிச்சிட்டு உங்க ஊரு நம்பர எழுதிக்க. இதையும் தண்ணியில எறக்கறியா?”