வண்டிக்குக் காவல்

"கோட்டைச்சாமி, நீ பின்னால போய் உக்காரு."

கோட்டைச்சாமி கார் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "நான் முன்னாலயே இருக்கேம்மா. வழி சொல்லணும்ல?"

"சூலக்கரையில இருந்து விஸ்வநத்தம் கம்பெனிக்கு எனக்கு நீ வழி சொல்லப் போறியாக்கும்? ஏறுய்யா."

லட்சுமிகாந்தம் அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஐம்பத்தெட்டு வயது. பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவரிடம் இருபத்திரண்டு வருஷமாக டிரைவராக இருக்கும் கோட்டைச்சாமி, பின் சீட்டை தினமும் துடைத்திருக்கிறாரே தவிர ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. இப்போது பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவரைப் போல நுனியில் ஒட்டிக்கொண்டார்.

அம்மாவின் கைப்பை மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. சற்று முன்புதான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குள் போய் வாங்கி வந்திருந்தார்.

"அது என்னம்மா?"

"இன்டர்நேஷனல் பெர்மிட்டு. வெளிநாட்டுல வாடகைக்குக் கார் எடுத்து நாமளே ஓட்டலாம். இதையும் நம்ம ஊரு லைசென்சையும் சேத்துக் காட்டணுமாம். ஒண்ணு மட்டும் கொண்டு போனா சாவி குடுக்கமாட்டானாம்."

வெளிநாடு என்றதும் கோட்டைச்சாமி அந்தப் புத்தகத்தையே பார்த்தார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அம்மாவின் மகன் ஹரிபிரசாத் போன வாரம்தான் போனில், "கம்பெனியக் குடுத்துட்டு இங்க வந்துருங்கம்மா" என்று சத்தம் போட்டிருந்தான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? அம்மா போய்விட்டால் கார் எதற்கு, டிரைவர் எதற்கு? இந்த வயதில் தன்னை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

எல்லாம் அவரே தேடிக்கொண்ட வினை. ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், "எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு" என்று அம்மா வந்து நின்றபோது விளையாட்டு என்றுதான் நினைத்தார். அம்மா விடவில்லை. காலை ஐந்தரைக்கெல்லாம் ஆமத்தூர் ரோட்டில் நிற்பார். கியர் விழாமல் வண்டி தவளை மாதிரி குதிக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருகுவார். டெஸ்டில் ரெண்டு தடவை ஃபெயில். மூன்றாம் தடவை அவர் ரிவர்ஸ் எடுத்த அழகைப் பார்த்து, "யாரும்மா கத்துக்குடுத்தது?" என்று இன்ஸ்பெக்டரே கேட்டாராம். அம்மா வெளியே கை காட்டினாராம். கோட்டைச்சாமி வழக்கம்போல வேப்பமரத்தடியில் வண்டிக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தார்.

"வைராக்கியம்னா அது வைராக்கியம்" என்று அன்றைக்கு மனைவி பஞ்சம்மாளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டு முந்தியது. அம்மா அசையவில்லை.

"பிரேக் போட்டேனே, தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா. தலையில தண்ணிக் கொடம் இருந்தாக்கூடச் சிந்தியிருக்காது."

"பட்டாசு லோடு ஓட்டுனவன்கிட்டப் படிச்சதுல்ல! ஏன் நுனியில தொத்திக்கிட்டு இருக்க? நல்லாச் சாஞ்சு உக்காரு."

"கூச்சமா இருக்கும்மா."

"பழகிக்கோ. ஆமா, பாண்டிலட்சுமி போன் பண்ணாளா?"

"பண்ணுச்சும்மா." மகள் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "மலேசியாவுல ரெண்டு வருசப் படிப்பு முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் பட்டம் குடுக்காகளாம். வாங்க வாங்கன்னு ஒரே நச்சரிப்பு. அது சொல்லித்தான் பாஸ்போர்ட்டு எடுத்தோம், பீரோவுல கிடக்கு. நாங்க எங்கிட்டும்மா போக? போன்ல பாத்துக்கிட வேண்டியதுதான்."

அம்மா கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

கம்பெனி வாசலில் பெட்டி ஒட்டும் பெண்கள் நின்றிருந்தார்கள். பஞ்சம்மாளும் அவர்களில் ஒருத்தி. கார் நின்றதும் சிரிப்பு வெடித்தது.

"ஏ பஞ்சம்மா, ஒம் புருசனுக்கு வந்த வாழ்வப் பாருடி! முதலாளியம்மா ஓட்ட, இவுக பின்சீட்டுல வாராக!"

"என்ன சாரு, இறங்க மனசு வரலையோ?" என்றாள் பஞ்சம்மாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து மெல்லக் கேட்டார். "எப்பம்மா ஆஸ்திரேலியா போறீக?"

"யாரு ஆஸ்திரேலியா போறா?"

"பெர்மிட்டு..."

"மலேசியாவுக்குய்யா. மூணு டிக்கெட்டு போட்டாச்சு. நீ, பஞ்சம்மா, நான். ஏர்போர்ட்டுல இருந்து பாண்டிலட்சுமி காலேஜுக்கு மூணு மணி நேரமாம். கார் சொல்லிட்டேன்."

"பாஸ்போர்ட்டு பீரோவுல..."

"போய்த் தேடிப் பாரு. போன மாசமே உம் பொண்டாட்டி எங்கிட்டக் குடுத்துட்டா."

கோட்டைச்சாமி கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்கும்மா செரமப்படணும்? எனக்கு ஒரு பெர்மிட்டு வாங்கியிருந்தா நானே ஓட்டியிருப்பேன்ல?"

"ஓட்டுவ. ஓட்டிட்டு என்ன செய்வ? ஹரி பட்டம் வாங்குன அன்னைக்கு உள்ள வாய்யான்னு எம்புட்டுக் கூப்பிட்டேன்? 'வண்டியப் பாத்துக்கிடுறேம்மா'ன்னு வெயில்லயே நின்ன. நீ உள்ள வந்த கல்யாண மண்டபம் ஒண்ணு சொல்லு பாப்போம்."

கோட்டைச்சாமி எண்ண விரல்களை நீட்டினார்; ஒன்றுகூட மடங்கவில்லை.

"பாண்டிலட்சுமி பிளேன் ஏறுன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருசமாவது ஆயிருக்கணுமாம், அங்கன வாடகைக் கார் குடுக்க. அதான் அம்புட்டு அவசரமா உங்கிட்டக் கத்துக்கிட்டேன்."

அம்மா இறங்கி, கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைக்கு ரெண்டே ரெண்டு பாஸுதான் குடுப்பாகளாம். நீயும் பஞ்சம்மாளும் உள்ள போய் முன்வரிசையில உக்காருங்க. வண்டிய நான் பாத்துக்கிடுறேன்."