கண்ணாடிக்கு அப்பால் கேட்ட சொல்

"வீட்ல அண்ணி திட்டறது பத்தலைன்னு இன்னொரு பாஷையிலயும் வாங்கிக் கட்டிக்கப் போறீங்களாண்ணே?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டதும் சாப்பாட்டு அறையே கொல்லென்று சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்த ஃபோர்மேனும் சிரித்துவைத்தார்.

குளிர்பதனக் கிடங்கின் ஆட்களுக்கு மொழி வகுப்பு வேண்டுமென்று மேனேஜரிடம் நடையாய் நடந்தவர் அவர்தான். "வெளியூர்லருந்து வந்தவங்க நம்ம பாஷையைக் கத்துக்கிட்டாங்க சார். அவங்க பேசறதுல ஒரு வார்த்தையாவது நமக்குப் புரியுதா?" என்று கேட்டுக் கேட்டே சம்மதிக்க வைத்தார்.

டீச்சரையும் அவரே தேடிப் பிடித்தார். போன வருஷம் வாயுக் கசிவில் செத்துப்போன அவருடைய வெளியூர் உதவியாளனின் மனைவி.

அன்றைக்குக் குளிர் அறையில் இருந்தது அவரும் அவனும்தான். வாயுக் குழாய் வெடித்ததும், வாசல் பக்கம் நின்ற ஃபோர்மேன் வெளியே பாய்ந்தார். குளிரில் அடிக்கடி இறுகிக்கொள்ளும் அந்தக் கனத்த கதவு அவருக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தார். கதவின் சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம். இரண்டு உள்ளங்கைகளையும் அவரை நோக்கித் தள்ளித் தள்ளி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினான். அந்தப் பதற்றத்தில் நம் பாஷை அவன் வாயில் வரவில்லை.

என்னை ஓடச் சொல்கிறான்! ஃபோர்மேன் ஓடினார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்னை ஓடச் சொல்லிட்டு அவன் போயிட்டாம்மா" என்று அவன் மனைவியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் மெல்ல எழுந்து நடமாடினாள். "உங்கப்பா ஒரு உயிரைக் காப்பாத்திட்டுப் போனவரு" என்று சொல்லித்தான் மகளைத் தூங்கவைக்கிறாள்.

ஆனால் அந்தச் சொல் ஃபோர்மேனை விடவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தால் கேட்டது. பேத்தியைத் தூக்கிக் கொஞ்சும்போதும் காதோரத்தில் கேட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழவில்லை. அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் அதற்குப் பிறகாவது அவன் அடங்குவான் என்று நம்பினார்.

"இன்னிக்கு ஆபத்துல கத்தற வார்த்தைங்க. எனக்கு இதுதான் முக்கியம்" என்றாள் அவள். பலகைப் பக்கம் திரும்பினாள். "முதல்ல, ஓடு."

ஃபோர்மேன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சித்தா!" என்றாள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

இது இல்லையே!

"ஓடுறதுக்கு வேற வார்த்தை ஏதாவது இருக்காம்மா?"

"இல்லண்ணே, இது ஒண்ணுதான்."

"போன்னு சொல்லணும்னா?"

அதையும் சொன்னாள். அதுவும் இல்லை. ஃபோர்மேன் முன்னால் சாய்ந்தார். எனக்குத்தான் காதில் சரியாக விழவில்லையோ?

அடுத்த சொல்லுக்கு அவள் பலகையை விட்டு நகர்ந்து வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவரை நோக்கிக் காற்றில் தள்ளினாள்.

"லோமே!"

"லோமே! லோமே!" அறை மொத்தமும் கத்தியது.

அதே சொல். அதே கைகள். ஃபோர்மேன் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படீன்னா... என்னம்மா?"

இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கதவைத் திறன்னு அர்த்தம்ண்ணே!"