அழுத்தாத பொத்தான்

“இந்த மனுஷனுக்குக் காது சுத்தமா அவுட்டு, டாக்டர்! மூணு மாசமா கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு!”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் வெளியே டோக்கன் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் கணவர் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தார்.

“நான் டாக்டர் இல்லைம்மா, ஆடியாலஜிஸ்ட்” என்றாள் எதிரே இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். காதைப் பரிசோதிக்க நாலு வருஷம் படித்தவளிடம், சொந்தக்காரர்கள் இன்னும் ரிப்பேரான ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, பெரியவரைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் அனுப்பினாள். காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். ‘பீப்’ கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை.

காதைப் பிளக்கும் சத்தத்துக்கு மட்டும் பெரியவர் அழுத்தினார். நடுவில் ஒரு தடவைகூடக் கை தவறி அழுத்தவில்லை. அவளுக்குப் பொறி தட்டியது.

மைக்கில் கிசுகிசுத்தாள். “ஐயா, உங்க காலர்ல கரப்பான்பூச்சி.”

பெரியவர் துள்ளி எழுந்து சட்டையை உதறினார்.

அவளுக்கு வந்ததே கோபம்! கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

“நிஜமாவே காது கேக்காதவங்க, சத்தமே இல்லாதப்பகூட கேட்ட மாதிரி இருக்கேன்னு நாலு தடவை அழுத்திடுவாங்க. நீங்க அப்படி ஒரு தடவைகூட அழுத்தல. நல்ல காதை வச்சுக்கிட்டு நாடகமா?”

பெரியவர் அசடு வழிந்தார். “ரிப்போர்ட்ல மட்டும் கேக்கலைன்னு போட்டுடும்மா.”

“பொய் எழுதவா நான் படிச்சேன்? அந்தம்மா பேச்சைக் கேக்கப் பிடிக்கலைன்னா அதுக்காக இப்படியா? பாவம், அவங்க தொண்டை என்னத்துக்கு ஆகும்?”

பெரியவரின் சிரிப்பு நின்றது.

“சரி, எழுத வேணாம். ஒரே ஒரு உதவி. அவளையும் இங்க உக்கார வச்சு டெஸ்ட் பண்ணிடு. நான் கூப்பிட்டா வரமாட்டா.”

“அவங்களுக்கு எதுக்கு?”

“பேத்தி என்னவோ கேக்க, இவ வேறென்னவோ சொல்ல, வீடே விழுந்து விழுந்து சிரிச்சுதும்மா. அன்னிக்கு ரூமுக்குள்ள போனவ, அப்புறம் யார்கிட்டயும் வாயே திறக்கல. மறுநாள் நான் செவிடாயிட்டேன். இப்ப எனக்காக எல்லாரும் சத்தமா பேசறாங்க. அது அவ காதுலயும் விழுது. இவளும் பழையபடி பேச ஆரம்பிச்சுட்டா. பாத்தியா, எப்படிக் கத்துறா!”

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து குரலை உயர்த்தினாள்.

“அம்மா! ஐயாவுக்கு மெஷின் வைக்கணும்னா கூட இருக்கறவங்க காதையும் அளந்தே ஆகணும். இங்க அதுதான் ரூல். உள்ள வாங்க!”

“எல்லாம் இந்த மனுஷனால!” என்று தலையில் அடித்துக்கொண்டே அந்த அம்மா வந்து உட்கார்ந்தார்.

நாலு வருஷப் படிப்பில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ரூல் அது.