புதுப் பையின் உள்துணி

தையல்காரர் தன் மகனின் பையைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியூர் வேலைக்குப் போவதற்காக அவன் வாங்கி வைத்திருந்த புதுப் பை. மறுநாள் காலையில் பஸ்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க?” மனைவி ஓடிவந்தாள்.

அவர் நிமிரவில்லை. “உள்துணி தையல் சரியில்லை.”

“சரியில்லாதது தையலா, உங்க மனசா? பிள்ளை மேல இருக்கிற கோபத்தைப் பை மேல காட்டுறீங்க!”

சத்தம் கேட்டு மகன் வாசலில் வந்து நின்றான்.

‘எனக்குப் பொண்ணு பார்க்காதீங்க. எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்’ என்று போன வருஷம் அவன் சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் அம்மா வழியாகத்தான்.

“விடும்மா. ஒரு வார்த்தை பேசி அனுப்புவார்னு பார்த்தேன். கிழிச்சு அனுப்புறார். இனிமே இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.”

“உன் பிள்ளையைத் தள்ளி நிக்கச் சொல்லு. வெளிச்சத்தை மறைக்கிறான்” என்றார் மனைவியிடம். உள்துணியை வெளியே இழுத்து மிஷினில் கொடுத்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அவன் மேல கோபப்பட உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? நேத்து மருந்துக்கடையில ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசி ஆணுறை வாங்கினீங்களாமே! மாடிவீட்டுக்காரி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. பேரன் எடுக்கிற வயசுல எவளுக்குங்க அது?”

மிஷின் கடகடவென்று ஓடி நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்துப் பைக்குள் திணித்துவிட்டு, பையை மகன் பக்கம் தள்ளினார்.

மகன் உள்ளே பார்த்தான். பிரித்த இடத்தில் ஒரு சின்ன ஜிப். சட்டென்று கண்ணில் படாது. இழுத்தான்.

உள்ளே ஆணுறைப் பெட்டி.

எட்டிப் பார்த்த அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தே சொன்னார். “பர்ஸ்ல வெச்சா சூட்டுல கெட்டுப்போகுமாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தமும் டெஸ்ட் பண்ணிக்கணுமாம். மருந்துக்கடைக்காரர் சொன்னார். சொல்லிடு.”

மகன் ஜிப்பை இழுத்து மூடினான். “சரின்னு சொல்லும்மா. லீவுக்கு வர்றேன்னும் சொல்லு.”

“வரட்டும்” என்றார் தையல்காரர். “ஆனா நான் இன்னும் அவன்கூடப் பேசலைன்னு சொல்லு.”