கடைசி பெஞ்ச் வரைக்கும்

"மூணு நிமிஷம். என் வாட்ச்சிலே பார்த்தேன்," என்றார் மூப்பர் ரொகூமா. "பிரசங்கியார் அவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல பேசினார். நீ நம்ம பாஷையிலே சொன்னது ரெண்டே வரி. மீதியை எங்கே முழுங்கினே?"

ஆசிரியர் ஸோவா வாயிலிருந்த பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

சபைக் கமிட்டியில் நாங்கள் ஏழு பேர். நான் காரியதரிசி. பேசுவதை எழுதுவது மட்டும் என் வேலை.

போன ஞாயிறு நடந்த நற்செய்திக் கூட்டத்தைப் பற்றித்தான் விசாரணை. டெல்லிப் பிரசங்கியார் எங்கள் மிசோ கிராமத்துக்கு வருவதே பெரிய விஷயம். சாம்பாய் வரை போய் அவரை ஜீப்பில் அழைத்து வந்தவர் மூப்பர்தான். மூப்பருக்கு இங்கிலீஷ் தெரியாது. ராணுவ கேன்டீனில் சமைத்த காலத்து அரைகுறை இந்தி தெரியும். வழி நெடுக அந்த இந்தியில் எங்கள் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கூட்டத்தில் மொழிபெயர்த்தவர் ஸோவா.

"இது இரட்சிப்பின் செய்தி," என்றார் மூப்பர். "கடையிலே பருப்பு நிறுக்கிற மாதிரி குறைச்சுக் குடுக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"செய்தியிலே ஒண்ணும் குறையலை, உபா," என்றார் ஸோவா. மூப்பரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்போ அந்த மூணு நிமிஷம்?"

"அது செய்தி இல்லை."

அவ்வளவுதான், எல்லோருக்கும் சந்தேகம் பற்றிக்கொண்டது.

"நரகத்தைப் பத்திச் சொல்லியிருப்பார். இவனுக்கு அது பிடிக்காது," என்றார் ஒருவர்.

"குடியைப் பத்தியா இருக்கும். இவன் மச்சான் குடிக்கிறான்ல," என்றார் இன்னொருவர்.

எனக்கும் ஸோவா மேல் நம்பிக்கை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்யாதவன் ஏன் பாக்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

தின்புயி எல்லோருக்கும் கறுப்புத் தேநீர் ஊற்றி, ஆளுக்கொரு வெல்லக்கட்டி வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனை விட்டுவிட்டு, எல்லை தாண்டி வரும் துணி வியாபாரியோடு போனவள். போன மாதம்தான் தனியாகத் திரும்பினாள். தப்பு செய்து சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் கடைசி பெஞ்சில் உட்காருவது எங்கள் வழக்கம். அந்தக் கூட்டத்துக்குத்தான் முதல்முறையாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முடிவில் அழுதுகொண்டே முன்னால் வந்து முழங்கால் போட்டவளும் அவள் ஒருத்திதான். பிரசங்கியாருக்குப் பரம சந்தோஷம். மறுநாளே, "ஏதாவது வேலை குடுங்க," என்று சபைக் கதவைத் தட்டினாள்; டீ போடும் வேலை கிடைத்தது.

"இனிமே ஸோவா மேடையேறக் கூடாது. அதுக்கு முன்னாடி இவன் திருட்டு என்னன்னு தெரியணும்," என்றார் மூப்பர். கூட்டத்தை அவரே செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தார். ஷில்லாங்கில் நர்ஸ் படிப்பு படிக்கும், இங்கிலீஷ் தெரிந்த அண்ணன் மகள் ரெமியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். "ஒரு வார்த்தை விடாம சொல்லணும், ரெமி. யாருக்காகவும் மறைக்கக் கூடாது."

செல்போன் பேசியது. ரெமி கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஸோவா சொன்னபடியேதான் இருந்தது. பிறகு அந்த மூன்று நிமிஷம் வந்தது.

ரெமி நிறுத்திவிட்டாள். ஸோவாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் நின்னுட்டே? சொல்லு."

"டீ தீர்ந்துடுச்சு போல," என்றாள் ரெமி. "அக்கா, இன்னும் கொஞ்சம் போட்டுட்டு வர்றீங்களா?"

என் கோப்பை நிறைந்துதான் இருந்தது. தின்புயி கெட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ரெமி குரலைத் தாழ்த்தினாள். "சித்தப்பா, அவர் சொன்னது இதுதான். 'உங்க மூப்பர் ஜீப்பிலே வரும்போது எல்லாம் சொன்னார். புருஷனை விட்டுட்டு வியாபாரியோட ஓடினவ ஒருத்தி அங்கே கடைசி பெஞ்சிலே உட்கார்ந்திருக்கா. அவ எழுந்து நிக்கட்டும். அவ செஞ்ச பாவத்தை எல்லார் முன்னாடியும் அவ வாயாலேயே சொல்லட்டும்.' இதையேதான் மூணு நிமிஷமும் திருப்பித் திருப்பிச் சொல்றார்."

பிரசங்கியார் அப்போது கடைசி பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

செல்போனில் அடுத்து ஸோவாவின் குரல் கேட்டது: "கடைசி பெஞ்ச் வரைக்கும் எல்லாருக்கும் இந்த மன்னிப்பு உண்டு. யார் வேணும்னாலும் வரலாம்."

மூப்பர் செல்போனை அணைத்தார். சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடிக்கொண்டார். எனக்கும் ஸோவாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

தின்புயி கெட்டிலோடு திரும்பி வந்தாள். "விட்டுப்போன பேச்சு கிடைச்சுதா, உபா? என்னன்னு எனக்கும் சொல்லுங்க. அன்னைக்குக் கேட்டதே எனக்குப் போதலை."

எல்லோரும் மூப்பரையே பார்த்தோம். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் விட்டுப்போகலை, தின்புயி," என்றார். "சார் செய்தியை முழுசாத்தான் சொல்லியிருக்கார். முன் பெஞ்சிலே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது வந்து சேரலை."