ஒரே ஒரு திறப்பு

“இந்த அலுமாரிக்குப் பூட்டு வேலை செய்யுமா?” என்று சல்மா உம்மா கேட்டார்.

கிறகரி சிரித்தார். கல்முனையை விட்டு மட்டக்களப்பில் மகளோடு போய் இருக்கப்போகிறார் மனிதர். அதனால் பாட்டனார் வைத்துவிட்டுப்போன தளபாடங்களை விற்றுக்கொண்டிருந்தார். எந்தக் காலத்துச் சாமான் என்று கேட்டால் ஒல்லாந்தர் காலம் என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

“பூட்டை விடுங்க உம்மா, மரத்தைப் பாருங்க. முழு முதிரை. ஆனா நீங்க எடுக்க வேண்டியது இது இல்ல. அந்தக் கண்ணாடி அலுமாரி.”

சல்மா உம்மாவின் மகள் றாபியாவும் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால்தான் நின்றாள். அவளுக்கு அந்த வருடம்தான் கலியாணம் ஆனது. கல்லோயா வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து வயலும் நன்றாக விளைந்திருந்தது. அந்தச் சந்தோசத்தில், வீட்டுக்கு நல்லதாக ஓர் அலுமாரி எடுப்பதாக உம்மா சொல்லியிருந்தார்.

“இதையே எடுப்பம் உம்மா. என்ட பீங்கானெல்லாம் வெளியால வடிவாத் தெரியும்.”

சல்மா உம்மா அதைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னார். பின்னால் எட்டிப் பார்த்தார். விரலால் தட்டினார்.

“பின்பலகை பலா. போன வருசம் அடிச்சதா?”

கிறகரி இருமினார். ஒல்லாந்தரும் பலா பாவித்திருக்கலாம் என்று என்னவோ சொன்னார்.

உம்மா அதற்குள் பழைய அலுமாரிக்கே திரும்பிவிட்டார். ஆள் உயரம், ஒற்றைக் கதவு, ஒரு பூவேலை கிடையாது. உள்ளே தலையை விட்டு மணந்து பார்த்தார். பூச்சி இல்லை. தட்டுகளை அமுக்கிப் பார்த்தார். ஆடவில்லை.

“பூட்டு நல்ல பூட்டு உம்மா. ஆனா திறப்பு ஒண்டுதான் கிடக்கு. மற்றது எப்பவோ துலைஞ்சிற்று” என்றார் கிறகரி.

“அதுதான் நல்லம்.”

“ஏன், வீட்டுக்குள்ள கள்ளனா?” என்று அவர் பகிடி விட்டார்.

உம்மா சிரிக்கவில்லை.

“புது ஆள் ஒராள் வந்திரிக்கிற ஊடு. பூட்டுள்ளதுதான் வேணும்.”

யன்னலுக்கு வெளியே, வண்டியடியில் அந்தப் புது ஆள் நின்றுகொண்டிருந்தான். கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்திருக்கும் மருமகன் அச்சிமுகம்மது. மாமி மருமகனுக்கு முன்னால் வந்து கதைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதனால்தான் அவன் உள்ளே போகாமல் நின்றான். காது மட்டும் உள்ளே போய்விட்டது.

அவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கல்முனைப் பசாரில் அவன் வேலை செய்யும் கடையைப் பூட்டும்போது முதலாளியே கல்லாப்பெட்டியை நம்பி அவன் கையில் கொடுப்பார்.

இருந்தாலும் அலுமாரியை வண்டியில் ஏற்றினான். வீட்டில் இறக்கி, தோள் கொடுத்து, அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். அவன் வெளியே போனதும் உம்மா வந்து தட்டுகளைத் துடைத்தார். பூட்டினார். திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

றாபியா கட்டிலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். கண்ணாடி அலுமாரி அவள் மனதை விட்டுப் போகவில்லை.

அச்சிமுகம்மது உள்ளே வந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த தன் றங்குப்பெட்டியை இழுத்தான்.

“நான் எங்கட ஊருக்கு, நிந்தவூருக்குப் போறன்.”

“மாமியப் பாக்கவா? எப்ப வருவீங்க?”

அவன் பெட்டியின் கொக்கியைக் கழற்றினான்.

“என்ன நடந்த? சொல்லுங்களேன்.”

“ஒங்கட உம்மாக்கு என்ன நம்பேலாம இரிக்கி. புது ஆள் இரிக்கிற ஊடாம், பூட்டு வேணுமாம். என்ட காதால கேட்ட நான்.”

றாபியாவுக்குப் பீங்கானெல்லாம் மறந்துபோனது. அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே. உம்மா அப்படிச் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

“போகாதீங்க” என்று மட்டும் சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

அவன் பெட்டியைத் திறந்தான். கட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சாறன், சேட்டு, சவர்க்காரப்பெட்டி, வாப்பா விட்டுப்போன தஸ்பீஹ் மணிமாலை, எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவன் அவற்றை வெளியே எடுத்து வைக்கவே இல்லை. அந்த வீட்டில் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

பெட்டி இழுத்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டிருக்க வேண்டும். கதவுத் திரைக்கு அங்கால் வளையல் சத்தம் வந்து நின்றது.

“புள்ள.”

“என்ன உம்மா?” றாபியாவின் குரலில் கோபம் இருந்தது.

“அடுப்படிக்கு நீ வந்தா ஒன்னட்டக் குடுத்து உடுவம் எண்டு பாத்தன். நீ கண்ணாடி அலுமாரிக்கு மொகத்தத் தூக்கிட்டு இரிக்காய்.”

திரையின் ஓரத்தால் ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் திறப்பு இருந்தது.

“இத மருமகனுக்குக் குடு.”

றாபியா கட்டிலால் எழும்பினாள். அச்சிமுகம்மது பெட்டி மூடியைப் பிடித்தபடி இருந்தான்.

“இந்த ஊடு ஒன்ட பேருல. வளவும் ஒன்ட பேருல. எனக்கும் அப்பிடித்தான் தந்தாங்க. ஒன்ட வாப்பா கண்ண மூடி மௌத்தாகுற வரைக்கும் இந்த ஊட்டுல சாறன ஆணியிலதான் கொழுவினாரு. அவருக்கெண்டு ஒரு தட்டு ஒதுக்கிக் குடுக்கோணுமெண்டு எனக்கு விளங்கல்ல. அவரும் வாய் தொறந்து கேக்கல்ல.”

பிறகு உம்மாவின் குரல் வழமையான அதட்டலுக்குத் திரும்பியது.

“அந்த அலுமாரி மருமகன்ட. பூட்டு நீயும் நானும் தொறக்காம இரிக்கத்தான் புள்ள. திறப்பக் கேட்டு அவரக் கரைச்சல்படுத்தாத.”